பனியும் பின்விளக்கும்

அன்புள்ள சுந்தரம்,

நான்கு மாதங்களாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். கமலா அக்கா உன்னை விசாரித்தார். புதிய காரைப் பற்றி எழுதியபோது, ‘ஹெட்லைட் சுவிட்சை, தானாகவே எரிந்து அணையும் “ஆட்டோ” நிலையில் வைத்துவிட்டேன், இனி அதைத் தொடவே போவதில்லை’ என்று பெருமையாகச் சொல்லியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

சென்ற வாரம், விடிந்த பிறகும் கலையாத மூடுபனியில் சேகரும் நானும் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு கார் போவதே மிக நெருங்கும்வரை தெரியவில்லை. அதன் பின்விளக்குகள் எரியவில்லை. சேகர் பிரேக்கை மிதித்த மிதியில் நான் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டேன். பிறகு அந்தக் காரை ஓட்டியவரைப் பார்த்துச் சொன்னபோது, ‘ஆட்டோவில்தானே இருக்கிறது!’ என்று திகைத்துப்போனார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுந்தரம், ஆட்டோ நிலையில் விளக்கைப் போட்டு அணைக்கும் சென்சாருக்குத் தெரிவதெல்லாம் வெளிச்சத்தின் அளவு மட்டுமே. பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் ஒளி டயோடு, தன்மேல் விழும் ஒளிக்கேற்ப மின்னோட்டம் தருகிறது. அதை வைத்தே வண்டி பகலா இருட்டா என்று தீர்மானிக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 48ஆம் விதிமுறைப்படி, வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் 2 விநாடிக்குள் விளக்கு எரிய வேண்டும்; 7000 லக்ஸைத் தாண்டினால் அணைய வேண்டும், ஆனால் 5 விநாடியாவது பொறுத்து, 300 விநாடிக்குள். இந்த இடைவெளியும் பொறுமையும் இல்லாவிட்டால், மரநிழலும் வெயிலும் மாறிமாறி வரும் சாலையில் விளக்கு மின்மினியாய் எரிந்தெரிந்து அணையும். எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் பகல்நேர மூடுபனி இருட்டு அல்லவே. பனித்துளிகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் எங்கும் வெள்ளையாகப் பரவும் அந்த வெளிச்சத்தைப் பகல் என்றே சென்சார் எடுத்துக்கொள்கிறது. முன்னால் பகலிலும் தானாக எரியும் பகல்விளக்குகள் எரிகின்றன, டேஷ்போர்டும் ஒளிர்கிறது. பல கார்களில் பின்பக்கம் மட்டும் இருண்டு கிடக்க, ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை. மழையில் இவ்வளவு ஆபத்து இல்லை. மழை சென்சார் கண்ணாடிக்குள் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி, மேலே நீர்த்துளி பட்டால் வெளியே கசிந்து, திரும்பி வருவது குறைகிறது. அதைக்கொண்டு வைப்பர் ஓடத் தொடங்கினால் பல கார்களில் ஹெட்லைட்டும் சேர்ந்தே எரிந்துவிடும். பனிக்கு அப்படி ஒரு காவல் பெரும்பாலான கார்களில் கிடையாது.

ஆகவே பனியைக் கண்டால் உன் கையாலேயே சுவிட்சைத் திருப்பி டிம் லைட்டைப் போடு. பிரைட் வேண்டாம், அந்த ஒளி பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும். பழைய வண்டியில் செய்ததுபோல முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உன் ஸ்டிக்கர்களை ஒட்டி சென்சாரை மறைத்துவிடாதே.

நாளைப் பகலில் சுவிட்சை ஆட்டோவில் வைத்து யாரையாவது வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, நீ பின்னால் போய் நின்று பார். பின்விளக்குகள் எரிகின்றனவா இல்லையா என்று உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
ராமு