ஒரே குடுவையில் போட்டுவிட்டாயே, மச்சான்

அன்புள்ள மச்சான்,

பதில் போட இரண்டு மாதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய்த்துளசி எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் உன் ஜிசி-எம்எஸ் கருவித் தாள்களைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமிர்திக் காட்டோரம் பறித்த நாய்த்துளசியையும் பாலாற்றங்கரையில் பறித்ததையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சியிருக்கிறாய். ஏன் மச்சான்? பார்வைக்கு ஒன்றாக இருக்கும் அந்தச் செடி எண்ணெயில் பல ஜாதி. ஒன்றில் கற்பூரம் மேலோங்கும், ஒன்றில் சிட்ரால், இன்னொன்றில் மெத்தில் சின்னமேட். இலையைக் கசக்கி முகர்ந்தாலே கற்பூர வாடையா, எலுமிச்சை வாடையா என்று பிடிபட்டுவிடும். கலந்து காய்ச்சினால் அது எந்தச் செடியின் எண்ணெயும் இல்லை. இடத்துக்கு ஒரு மூட்டை, மூட்டைக்கு ஒரு ஹெர்பேரியம் தாள், அதாவது அடையாளத்துக்கு உலர்த்தி ஒட்டிய மாதிரிச் செடி. வாத்தியார் முதலில் கேட்பதே அதைத்தானே!

அடுத்தது, ஒரு மணி நேரத்தில் அடுப்பை அணைத்தது. கற்பூரம், லினலூல் எல்லாம் முதலில் வந்துவிடும். காரியோஃபிலீன் போன்ற செஸ்குவிடெர்பீன்கள், அதாவது 15 கார்பன் கொண்ட கனமான மணப்பொருள்கள், மெதுவாகத்தான் ஏறும். பாதியில் நிறுத்தினால் கற்பூரத்தின் சதவீதம் ஊதிப்போய்த் தெரியும். பூத்த செடியை நிழலில் உலர்த்து, மொட்டைமாடி வெயில் வேண்டாம். 2 லிட்டர் குடுவையில் 100 கிராம் செடி, 1 லிட்டர் தண்ணீர், கிளெவெஞ்சர் என்ற எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவியில் 3 மணி நேரம். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் வெள்ளைப் படிகம் ஒட்டினால் அது கற்பூரமாக இருக்கலாம். கொஞ்சம் ஹெக்சேன் என்ற கரைப்பான் விட்டு இறக்கி, அந்தக் கரைசலையே ஜிசிக்குக் கொடு. ஹெக்சேனைச் சூடாக்கி ஓட்டினால் லேசான டெர்பீன்களும் கூடவே போய்விடும்.

எண்ணெயின் ஈரத்தை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் எடு. பழுப்புக் கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் மூடி, ஃப்ரிட்ஜ். உன் தாளின் கடைசியில் டைபியூட்டைல் தாலேட் என்று ஒன்று நிற்கிறதே, அது செடியிலிருந்து வந்ததல்ல, பிளாஸ்டிக் குழாயோ மூடியோ விட்டதாகத்தான் இருக்கும்.

கருவியின் லைப்ரரி (ஸ்பெக்ட்ரம்களின் தொகுப்பு) சொன்ன பெயரை அப்படியே எழுதாதே. செஸ்குவிடெர்பீன் ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் நிறை 204. ஒன்றின் ஸ்பெக்ட்ரம் இன்னொன்றைப் போலவே இருக்கும். ஆல்கேன் வரிசையையும் ஓட்டி, அதோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பொருளும் வெளிவரும் இடத்தைக் காட்டும் ரிடென்ஷன் இண்டெக்ஸ் போடு. டிபி-5 பிரிகைக் குழாயில் கற்பூரம் 1145 அருகே, காரியோஃபிலீன் 1420 அருகே வர வேண்டும். சதவீதத்தை எஃப்ஐடி என்ற சுடர் உணர்வியிலிருந்து எடு.

இதைக் கவனமாகப் படி. சளிக்கு அந்த எண்ணெயைத் தங்கை குழந்தையின் மூக்கில் தடவலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது, ஒரு சொட்டுகூடக் கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். புட்டியை அவள் வீட்டிலிருந்து இன்றைக்கே வாங்கி வந்துவிடு, வாங்கியதும் எனக்கு ஒரு போன் போடு.

மழைக்குப் பிறகு பூக்கும்போது இரண்டு மூட்டையும் தனித்தனியாக அனுப்பு. இங்கே ஓட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்