கள்ளக்குரல் கேட்ட கதை

அன்புள்ள கோபாலுக்கு,

உன் கடிதம் வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி வயலின் பிருடையைக் கண்ணாடி இல்லாமலே திருகலாம். இங்கே பேரனுக்குப் பதினான்கு வயது, குரல் உடைகிற பருவம். 'ஹலோ' என்று ஆரம்பித்தால் பாதியில் கீச்சென்று ஏறிவிடுகிறது. வீடே சிரிப்பதால் ஒரு வாரமாகத் தலையாட்டியே பதில் சொல்கிறான்.

குரலைக் கீழும் மேலுமாகத் தாவவிட்டுப் பாடும் யோடல் கேட்க, அவனையும் கூட்டிக்கொண்டு ஜனவரி 13 அன்று சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் மலைப் பக்கம் ஊர்னேஷ் என்ற ஊருக்குப் போனோம். பழைய ஜூலியன் காலண்டர்படி வருடக் கடைசி நாள் அது. போப் 1582இல் காலண்டரைத் திருத்தினார், புராட்டஸ்டண்ட் மலைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதத்தின் மிச்சம்தான் இந்த விழா. முகமூடி போட்டு, கனத்த மணிகளைக் கட்டிக்கொண்டு ஐந்தாறு பேராக வீடு வீடாக வருகிறார்கள். மணியை உலுக்கி ஓய்ந்ததும் வட்டமாக நின்று பாடுகிறார்கள். சொல்லே இல்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, இன்னொருவர் கூடச் சேர, மற்றவர்கள் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் நீளமாகப் பிடித்து நிற்கிறார்கள். இதுதான் யோடல்.

யோடலிங் என்றால் நமக்குச் சந்திரபாபுதானே, துள்ளலாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இதுவோ மெதுவான விளம்ப காலம். பனியில் நின்று கேட்டபோது தொண்டை அடைத்துவிட்டது.

நம் பாட்டு வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். மேல் ஸ்தாயியில் குரல் மெலிந்தால் 'கள்ளக்குரல்' என்று தொடையில் தட்டுவாரே! நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்குப் போகும் இடத்தில் குரல்நாண் தடித்த நிலையிலிருந்து மெலிந்த நிலைக்கு மாறுகிறது. அந்த ஒட்டு வெளியே தெரியாமல் மறைக்கத்தான் நாம் அத்தனை வருடம் சாதகம் செய்தோம். இவர்கள் அந்த ஒட்டையே எடுத்துக் காட்டுகிறார்கள், உடைகிற இடம்தான் அழகு என்று.

உனக்குப் பிடிக்கும் சங்கதி ஒன்று. ஆல்ப்ஹார்ன் என்று நீண்ட மரக்கொம்பு, விரல் துளை கிடையாது, இயற்கையாக எழும் ஸ்வரங்கள்தான். அதன் பதினோராவது ஸ்வரம், 'ம'வின் இரண்டு வகைகளான சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே நிற்கும். பழைய பாணி யோடலிலும் அதே மத்யமம் வருகிறது. முதலில் அபஸ்வரம் என்றுதான் முகம் சுளித்தேன்.

அப்பென்செல் மாட்டுக்காரர் பாட்டு ஒன்று 1545இலேயே ஜெர்மனியில் அச்சேறியிருக்கிறது. மலைக்கு மலை கூப்பிட்டுப் பிறந்தது யோடல் என்பார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் அகா, பாகா என்ற பழங்குடி மக்களும் யோடல் பாடுகிறார்கள், அதுவும் பல குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு. அங்கே ஏது ஆல்ப்ஸ்?

பரவியது வேறு கதை. ஆஸ்திரியாவின் டிரோல் மலையிலிருந்து ரெய்னர் குடும்பம் 1820களில் ஐரோப்பிய அரண்மனைகளில் பாடியது. 1839இல் அந்தப் பெயரிலேயே ஒரு குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பிறகு மிசிசிப்பி ரயில்வே தொழிலாளி ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927இல் யோடலை ப்ளூஸ் இசையுடன் சேர்த்து இசைத்தட்டில் பாடினார். காசநோய், 35 வயதில் போய்விட்டார். தட்டு மட்டும் ஊர் ஊராகப் போனது. கென்யாவில் கிப்சிகிஸ் இனப் பெண்கள் அவர் பெயரை 'செமிரோச்சா' என்று ஆக்கி, பாதி மனிதன் பாதி மான் என்று பாடியிருக்கிறார்கள். 1950இல் ஆப்பிரிக்கப் பாடல்களைச் சேகரித்த ஹியூ டிரேசி அதைப் பதிவுசெய்தார். நம் இந்திப் பாடகர் கிஷோர் குமாரும் ராட்ஜர்ஸ் தட்டுகளைக் கேட்டுத்தான் பழகினார் என்பார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் பேரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்ல ஒரு தடவை முயன்று பார்த்தான். நான் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் வருகிறேன். அதற்குள் அந்த நடு மத்யமத்தில் விரல் வைத்துப் பார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ராமு