குடும்ப உளச்சிகிச்சை படிக்க விண்ணப்பிக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமார், தங்கச்சிமார்,

தம்பதியர், குடும்ப உளச்சிகிச்சையில் முதுமாணி செய்யக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்கிற உங்களில் பலர், 'ஒருக்காப் பார்த்துத் தாங்கோ' என்று விண்ணப்பக் கட்டுரையை எனக்கு அனுப்புகிறீர்கள். சந்தோசம், பார்க்கிறேன். ஆனால் முதல் பந்தி எல்லாருக்கும் ஒன்றுதான்: 95 இடப்பெயர்வு, 2009, 'ஆகவே எனக்கு வலி தெரியும்'. 95இல் உங்களில் அநேகம் பேர் பிறக்கவே இல்லை. சரி, அது கிடக்கட்டும். ஒரு குடும்பம் முன்னால் கதிரையில் இருக்கும்போது நீங்கள் எதைக் கவனித்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்றுதான் தெரிவுக்குழு தேடும், ஏனென்றால் படிக்கும்போதே உங்களை உண்மையான குடும்பங்களோடு கதைக்கவிட்டு, பல இடங்களில் மேற்பார்வையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்.

அண்மையில் வந்த ஒரு கட்டுரை (எழுதிய பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்). ஒரு தாயோடும் மகளோடும் இருந்து ஜெனோகிராம், அதாவது குடும்பத்தில் யார் யார், என்ன உறவு என்று காட்டும் படம், கீறியிருக்கிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் உள்ளே ஒரு புள்ளடி. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் சதுரம் வந்ததும் தாய் பேனையைப் பிடித்துக்கொண்டார். மகள், 'போடுங்கோ அக்கா' என்றாளாம். இதை ஒரே வரியில் தாண்டிவிட்டு மிச்ச இரண்டு பக்கமும் போர் வரலாறு! அட பிள்ளை, அந்தப் பேனைதானே உன் கட்டுரை. 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று சொன்னதும் இதைத்தான்: ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது ஒரே வீட்டுக்குள் ஒருவர் காத்திருப்பார், இன்னொருவர் 'இனி வரமாட்டார்' என்று மனதை ஆற்றிக்கொள்ளப் பார்ப்பார், இரண்டு பேருக்கும் சண்டை வரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் குந்திய அம்மாமாரின் வீடுகளுக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. எழுதும்போது பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கலாம்தான், ஆனால் அந்த மாகாணத்தில் தொழில் அனுமதிக்குப் பிரெஞ்சு வேண்டும். ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளர்களைப் பதிவதற்கென்று 2015 முதல் தனிச் சபை இருக்கிறது. எந்த மாகாணத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்று முதலில் யோசித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு டொக்டர் மாமாவிடம் போகவேண்டாம், நீங்கள் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்.

கட்டுரைகளை அனுப்புங்கள், வாசிக்கிறேன். ஆனால் தயவுசெய்து கடைசி நாள் இரவு பத்து மணிக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா