நர்சிங் மாணவிகளை ஆசிரியர் இல்லாத இரவுப் பணியில் நிறுத்துவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பி.எஸ்சி. நர்சிங் பயிலும் மாணவிகளின் பெற்றோர்
(பெயர், கையொப்பம், கைப்பேசி எண்கள் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகளை, அதே நிர்வாகத்தின் மருத்துவமனையில் செவிலியர்களுக்குப் பதிலாக இரவுப் பணியில் ஈடுபடுத்துவதை உடனடியாக நிறுத்தக் கோருதல் – முன்பு அளித்த மனுக்களுக்குப் பதில் இல்லாமை – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நர்சிங் மாணவிகளின் இரவுப் பணி குறித்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தங்களிடம் நேரில் அளித்த மனுவுக்கும், அதன் பிறகு பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டலுக்கும், இணையவழியில் பதிவு செய்த புகாருக்கும் உரிய பதில் கிடைக்காத நிலையில், இந்த மனுவைத் தங்கள் மேலான பார்வைக்கு மிகுந்த பணிவுடன் மீண்டும் சமர்ப்பிக்கிறோம். இணையவழிப் புகாருக்கு மட்டும், ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. புகார் முடிந்துவிட்டது, இரவுப் பணி நேற்றும் நடந்தது.

கல்லூரியின் பெயரைத் தனித்தாளில் குறித்துள்ளோம் என்றாலும், புறவழிச்சாலை ரவுண்டானாவைத் தாண்டி, மூடிக் கிடக்கும் அரிசி ஆலைக்கு எதிரே நிற்கும் அந்த நான்கு மாடி மருத்துவமனையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற மழைக்காலத்தில் ஓடை உடைப்பைப் பார்வையிடத் தாங்கள் வந்தபோது, தங்கள் வாகனம் அதன் வாசலில்தான் நின்றது. ஓடைக்கு மறுகரையில் இருப்பதுதான் எங்கள் பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதி. விடுதிக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் உள்ள சிறுபாலத்தில் அன்றும் தெருவிளக்கு இல்லை, இன்றும் இல்லை. அந்த இருட்டில், இரவு ஏழரை மணிக்கு வெள்ளைச் சீருடை அணிந்து வரிசையாக நடந்து போகிறவர்கள் பணிக்குச் செல்லும் செவிலியர்கள் என்று தாங்கள் நினைத்திருக்கக் கூடும். அவர்கள் இரண்டாம் ஆண்டு மாணவிகள்.

நர்சிங் படிப்பு கடினமாக இருக்கிறது என்று முறையிட நாங்கள் வரவில்லை. உயிரோடு தொடர்புடைய படிப்பு கடினமாகத்தான் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், உடற்கூறியலையும் மருந்தியலையும் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வெழுதுகிறார்கள்; கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ரெக்கார்டு என்று நள்ளிரவு வரை எழுதுகிறார்கள். அதைப் பற்றி அவர்களும் குறை சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படிப்பு என்ற பெயரில் வேறொன்று நடப்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். விவரங்களைக் கீழே பணிந்து சமர்ப்பிக்கிறோம்.

1. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து, 2021 முதல் நடைமுறைக்கு வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில், வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே கணக்கு. கடைசி செமஸ்டரான எட்டாவது செமஸ்டரில் 22 வாரங்கள் நடக்கும் தீவிரப் பயிற்சிக் காலத்துக்கு மட்டும் வாரத்துக்கு 48 மணி நேரம். மூன்றாம் செமஸ்டர் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் போடப்படும் நைட் டூட்டி இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை, தொடர்ந்து ஆறு இரவுகள். இதுவே 72 மணி நேரம். அதற்கு மேல் பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பு. வகுப்பில் கண் அசந்தால் எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

2. எங்களை மிகவும் வாட்டுவது அந்த இரவுகளில் நடப்பதுதான். தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

மூன்றாவது மாடியில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு இருக்கிறது. அதற்கும் கீழ்மாடிப் பொது வார்டுக்கும் சேர்த்து இரவில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அவர் கீழே இருக்கும்போது மேலே இருப்பது பத்தொன்பது வயது மாணவி மட்டுமே. மயக்கம் தெளியாத நோயாளி, கையில் பொருத்திய ஊசிக்குழாயான கேனுலாவைப் பிடுங்கி எறிவார்; இன்னொருவருக்கு ட்ரிப் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறும்; மூன்றாமவரின் உறவினர் குடித்துவிட்டு வந்து, ‘டாக்டரைக் கூப்பிடு’ என்று கத்துவார். டாக்டரைக் கூப்பிட்டால், ‘சிஸ்டரிடம் சொல்’ என்பார். சிஸ்டரைக் கூப்பிட்டால், ‘நீயே பார்த்துக்கொள், வருகிறேன்’ என்பார். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறாள்? யாரிடம் கற்றுக்கொள்கிறாள்? பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் விதி. இரவில் அந்தக் கட்டடத்தில் ஓர் ஆசிரியர்கூட இருப்பதில்லை. ஆனாலும் மாணவி செய்து பழகியவற்றைப் பதியும் லாக் புக்கில் ஒவ்வொரு செய்முறைக்கும் நேராக ஆசிரியரின் கையெழுத்து இருக்கும். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கி வைத்து ஒரே பேனாவில் போட்டு அனுப்புகிறார்கள். தாங்கள் ஒரு லாக் புக்கை வரவழைத்துப் பார்த்தால், நாங்கள் சொல்ல வேண்டிய பாதி வேலை மிச்சமாகும்.

ஒரு மாணவி இரவு ஊசியைத் தவறான நேரத்தில் போட்டுவிட்டாள் என்று மறுநாள் முதல்வர் அறையில் நிறுத்தி மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் படித்து ஊசி போடும் பொறுப்பை, மேற்பார்வை இல்லாமல் அவளிடம் கொடுத்தவர்களிடம் யார் கடிதம் வாங்குவது? நல்வாய்ப்பாக அந்த நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தக் கடிதமே அவளுக்கு எதிரான சான்றாக ஆகியிருக்கும். கூலி வேலை செய்து மகளைப் படிக்க அனுப்பிய அவள் தாய், அந்தக் கடிதத்தின் நகலைக்கூடக் கேட்டு வாங்க முடியாமல் திரும்பி வந்தார்.

வார்டில் படுத்திருப்பவர்களையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இங்கே வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் நம் சுற்றுவட்டார மக்கள்தான். சீருடை அணிந்து நிற்பவள் இன்னும் பதிவு பெறாத மாணவி என்பது அவர்களுக்குத் தெரியாது.

3. இதை ஏன் செய்கிறார்கள் என்பது ரகசியமல்ல. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியரின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு, கட்டணம் கட்டிவிட்டு வேலையும் செய்யும் ஆட்கள் கிடைக்கும்போது செவிலியர்களை எதற்கு நியமிப்பார்கள்?

4. விடுப்பு. காய்ச்சல் வந்தாலும் மாதவிலக்கு வலி வந்தாலும் ஒருநாள் டூட்டிக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் எக்ஸ்ட்ரா டூட்டி, அத்துடன் ஃபைன். ரசீது கிடையாது. வகுப்பிலும் செய்முறையிலும் தனித்தனியே 80 விழுக்காடு வருகைப் பதிவும், பட்டம் பெறுவதற்குள் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 விழுக்காடும் வேண்டும் என்ற கவுன்சில் விதியைக் காட்டித்தான் மிரட்டுகிறார்கள். விடுபட்ட பயிற்சியை ஈடுசெய்ய வேண்டும் என்பது நியாயமான விதி. ஒன்றுக்கு இரண்டாக ஈடுசெய்ய வேண்டும் என்றோ, அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்றோ அதில் எங்கும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளின் கணக்கில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1000 ரூபாய், பல வீடுகளில் இந்த ஃபைனுக்கே போகிறது. அரசு கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று அரசு ஒருமுறையாவது கேட்கக் கூடாதா?

5. மாணவிகளே ஏன் கையெழுத்திட்டுப் புகார் கொடுக்கவில்லை என்று சென்ற முறை தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களிடம் கேட்டார். செய்முறைத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 50 கல்லூரியின் அகமதிப்பீட்டில் இருக்கிறது. அசல் சான்றிதழ்கள் சேர்க்கையின்போதே வாங்கப்பட்டு அலுவலக அலமாரியில் இருக்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருப்பதை நாங்கள் எடுத்துச் சொன்னபோது, ‘அப்படியானால் மாற்றுச் சான்றிதழையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள், நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போங்கள்’ என்றார்கள். கேட்டவருக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

6. ‘கல்லூரி எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல; சென்னையில் உள்ள மாநில நர்சிங் கவுன்சிலையோ, கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையோ அணுகவும்’ என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அங்கும் எழுதியிருக்கிறோம். ஆனால் ஐயா, ஆய்வுக் குழு வருவதற்கு முன்தினமே கல்லூரிக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு வார்டு நிறையச் செவிலியர்கள், வகுப்பறை நிறைய ஆசிரியர்கள், நைட் டூட்டிப் பட்டியல் ஒட்டிய பலகையில் பூக்கோலப் போட்டி அறிவிப்பு. ஆய்வு முடிந்த மறுநாள் பட்டியல் திரும்பி வந்துவிடும்.

தங்கள் அதிகாரத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். மகளிர் விடுதி, 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்படி தங்களிடம்தான் உரிமம் பெற வேண்டும். அந்த விடுதியிலிருந்து பிள்ளைகளை இரவில் வேலைக்கு அனுப்புவது யாருடைய அனுமதியோடு என்று கேட்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது. மருத்துவமனை, 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்கீழ் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு பெற வேண்டியது. பதிவு பெற்ற செவிலியர்கள் எத்தனை பேர் எந்த இரவில் பணியில் இருந்தார்கள் என்று அவர் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதற்குச் சென்னையின் அனுமதி தேவையில்லை. ரவுண்டானாவுக்கு அப்பால் இருக்கும் கட்டடத்துக்கு ஒருநாள் இரவு பத்து மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு மழைநாளில் ஓடைக்கு வர முடிந்த அரசுக்கு அந்த மூன்று மாடி ஏறி வர முடியாதா?

கோபத்தில் சொற்கள் சற்றுக் கடுமையாக வந்திருந்தால் மன்னிக்க வேண்டுகிறோம். எங்களில் பலர் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துக் கட்டணம் கட்டியவர்கள். படிப்பு முடிந்து அரசுப் பணிக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது, ‘எங்கே கற்றாய்’ என்று கேட்டால் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இப்போதே, ‘அம்மா, எனக்கு ட்ரிப் மாற்றத் தெரியும், ஏன் மாற்றுகிறேன் என்று யாரும் சொல்லித் தரவில்லை’ என்கிறாள்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து,

அ) எட்டாம் செமஸ்டருக்கு முன் எந்த மாணவியையும் ஆசிரியரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் இரவுப் பணியில் நிறுத்தக் கூடாது என்று கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடவும்,

ஆ) நலப்பணிகள் இணை இயக்குநரையும் மாவட்டச் சமூக நல அலுவலரையும் கொண்டு இரவு நேரத்தில் முன்னறிவிப்பற்ற ஆய்வு நடத்தவும், அந்த ஆய்வில் மாணவிகளை நிர்வாகத்தினர் உடனில்லாமல் தனியே விசாரிக்கவும்,

இ) ரசீதின்றி வசூலித்த ஃபைன் தொகையையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரச் செய்யவும், ஆய்வறிக்கையைக் கவுன்சிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தங்கள் பரிந்துரையுடன் அனுப்பவும்,

ஈ) இவை எல்லாவற்றுக்கும் நாளாகும் என்றால், முதலாவதை மட்டுமாவது, இரவுப் பணியை நிறுத்துவதை மட்டுமாவது, இந்த வாரத்திலேயே செய்யவும்

மீண்டும் மீண்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். மனு கிடைத்தமைக்கு ஒப்புகை வேண்டாம்; ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலும் வேண்டாம். அடுத்த வாரத்துக்கான நைட் டூட்டிப் பட்டியலை வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதி வாசலில் ஒட்டுவார்கள். அதற்கு முன் தங்கள் உத்தரவு அங்கே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவிகளின் பெற்றோர்