329 டாலரும் ஷெர்மன் சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அரசியலும் பெருவணிகமும் கைகோத்து நின்றதைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சுவையாக எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அக்காலத்து முறைகேடுகளை லஞ்சப் பணம் கைமாறிய கதையாக மட்டும் காட்டிவிட்டு, வணிகத்தை முடக்கும் கூட்டுகளையும் ஏகபோகத்தையும் தடைசெய்யும் ஷெர்மன் சட்டம் 1890-இல் வந்ததும் ஏகபோகங்களுக்குக் கடிவாளம் விழுந்தது என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்த எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்று நடந்தவற்றுள் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டு, அல்லது உட்பட்டதாகக் காட்டக்கூடிய விதத்தில் நடந்தது.

கட்டுரையாளர் இரண்டே வரிகளில் கடந்துவிட்ட கிரெடிட் மொபிலியர் விவகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். யூனியன் பசிபிக் ரயில்பாதை அமைக்க அமெரிக்க அரசு, நிலம் சமவெளியா மலையா என்பதைப் பொறுத்து, மைலுக்கு 16,000 முதல் 48,000 டாலர் வரை கடன் பத்திரங்களை வழங்கியதோடு, பாதையின் இருபுறமும் ஏராளமான நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தது. பாதை போடும் வேலையோ கிரெடிட் மொபிலியர் என்ற வேறொரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் பங்குகள் யாரிடம் இருந்தன என்று பார்த்தால், யூனியன் பசிபிக்கை நடத்திவந்த அதே ஆட்களிடம்! வேலைக்குப் பட்டியல் எழுதுகிறவரும் அந்தப் பட்டியலைப் பாஸ் செய்கிறவரும் ஒருவரே ஆகும்போது, மைலுக்கு என்ன விலை போட்டாலும் கேட்பாரில்லை. ரயில் நிறுவனத்தின் தலையில் கடன் ஏறிக்கொண்டே போக, கட்டுமான நிறுவனம் ஈவுத்தொகையை அள்ளி வழங்கியது. இப்படிப்பட்ட கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இருக்காது. தணிக்கை செய்பவனுக்கு அதுவே பெரிய தலைவலி.

கிரெடிட் மொபிலியரின் பங்குகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களிடம் கொண்டுசேர்த்த ஓக்ஸ் ஏம்ஸ், மண்வெட்டி செய்து செல்வந்தரான குடும்பத்தைச் சேர்ந்தவர்; தாமும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உறுப்பினர். அவர் பங்குகளை இனாமாகக் கொடுக்கவில்லை, முகமதிப்புக்கு, அதாவது பங்கில் குறித்த விலைக்கு, விற்றார். கையில் பணம் இல்லாதவர்களுக்கு, பின்னால் வரும் ஈவுத்தொகையிலிருந்து விலையைக் கழித்துக்கொள்ளும் சலுகையும் இருந்தது. நமக்கு அதிகம் பயன்படும் இடங்களில்தான் பங்குகளை வைக்கிறேன் என்ற பொருள்படத் தம் கூட்டாளிக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1872 செப்டம்பரில் நியூயார்க்கின் 'சன்' நாளிதழில் அம்பலமாயின. விசாரணைக் குழு அமைந்தது. 1873 பிப்ரவரியில் ஏம்ஸும், ஜேம்ஸ் புரூக்ஸ் என்ற இன்னொரு உறுப்பினரும் பிரதிநிதிகள் சபையின் கண்டனத்துக்கு ஆளானார்கள். மற்றவர்களுக்குத் தீய நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று குழு விட்டுவிட்டது. கொடுத்தவர் குற்றவாளி, வாங்கிய கைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் சுத்தம் என்ற இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் ஒத்துப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்படித் தப்பியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். அவருக்கு 329 டாலர் ஈவுத்தொகை போயிற்று என்று ஏம்ஸ் சாட்சியம் சொன்னார், கார்ஃபீல்ட் மறுத்தார். 1880-இல் அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது எதிர்க்கட்சியினர் சுவர்களிலும் நடைபாதைகளிலும் 329 என்ற அந்த எண்ணை எழுதிவைத்தார்கள். அவர் வென்றார். மறு ஆண்டே, அரசு வேலை கிடைக்காத ஆத்திரத்தில் இருந்த ஒருவன் அவரைச் சுட்டான். அதன் அதிர்ச்சியில் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. பல பதவிகளுக்குத் தேர்வின் மூலம் ஆள் எடுப்பதும், அரசு ஊழியரின் சம்பளத்திலிருந்து கட்சி நிதி பிடிக்கக் கூடாது என்பதும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் கட்சிகளின் செலவு குறையவில்லையே! ஊழியரிடம் வாங்கிவந்த பணத்தை அவை இப்போது பெரிய நிறுவனங்களிடம் எதிர்பார்க்கத் தொடங்கின. ஓர் ஓட்டையை அடைத்த சீர்திருத்தமே பெரிய வாசல் ஒன்றைத் திறந்துவிட்ட இந்தத் திருப்பம் கட்டுரையில் இடம்பெறாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இனி ஷெர்மன் சட்டம். செனட்டில் ஒரே ஒரு வாக்கு மட்டும் எதிர்த்து விழ, பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி, 1890 ஜூலை 2 அன்று அது சட்டமானது. அன்றைய செனட் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்களே அனுப்பிவைத்தன. ஏகபோகங்களோடு இணக்கமாக இருந்த அந்தச் சபையிலேயே இவ்வளவு ஒற்றுமை ஏற்பட்டது என்றால், சட்டம் யாரையும் உறுத்தவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் சுமார் 98 சதவீதத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த நிறுவனத்தின் மீது அரசு தொடுத்த வழக்கில், 1895 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தி வேறு வணிகம் வேறு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை மட்டுமே இச்சட்டம் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஹார்லன் ஒருவர்தான் மாறுபட்டார்.

அதே சட்டம் தொழிலாளர்மேல் பாய்ந்தபோது இந்த நுட்பமெல்லாம் குறுக்கே வரவில்லை. சிகாகோவுக்கு அருகில் ரயில்பெட்டி செய்த புல்மன் நிறுவனம் 1893-இன் பொருளாதார நெருக்கடியைக் காட்டிக் கூலியை வெட்டியது. தொழிலாளர்கள் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் ரயில்வேக்குப் பரவியதும், 1894 ஜூலை 2 அன்று, அதாவது ஷெர்மன் சட்டம் பிறந்த அதே தேதியில், அச்சட்டத்தையே காரணம் காட்டித் தொழிற்சங்கத்துக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெறப்பட்டது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. கீழ் நீதிமன்றம் ஷெர்மன் சட்டத்தின் மீது நின்று தண்டித்தது; உச்ச நீதிமன்றம் வேறு காரணம் கூறி அதை ஒருமனதாக உறுதிசெய்தது.

தடையாணைக்கு ஏற்பாடு செய்த அரசுத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ஓல்னி நெடுங்காலம் ரயில் நிறுவனங்களின் வழக்கறிஞர். பதவியில் இருந்தபோதும் ஒரு ரயில் நிறுவனத்தின் ஊதியம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. பதவிக்கு வருமுன் 1892 டிசம்பரில் அவர் ஒரு ரயில் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தைக் கட்டுரையாளர் தேடிப் படிக்க வேண்டும். ரயில் கட்டணத்தைக் கண்காணிக்க 1887-இல் அமைந்த ஆணையத்தை ஒழிக்க முயல வேண்டாம், மக்களின் கூச்சலுக்கு அது பதிலாக இருக்கிறது, அதன் மேற்பார்வையோ பெயருக்குத்தான், நாளாக நாளாக அது நம் பக்கமே பார்க்கத் தொடங்கும் என்பது அதன் சாரம். இதில் எங்கும் லஞ்சம் இல்லை. தம் கட்சிக்காரரான ரயில் நிறுவனம் கேட்டதற்கு வழக்கறிஞர் சொன்ன நேர்மையான ஆலோசனை!

கட்டுரையின் அடுத்த பகுதி 1896 அதிபர் தேர்தலைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். வேட்பாளர் மெக்கின்லிக்காக அவருடைய பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னா வங்கிகளிடம் மூலதனத்தில் கால் சதவீதம் என்று வரி போடுவதுபோல் விகிதம் வைத்துக் கேட்டதும், ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்ததும், நிறுவனங்கள் இப்படிக் கொடுப்பதைத் தடுக்க 1907 வரை மத்தியச் சட்டம் எதுவும் இல்லாததும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர்,
கும்பகோணம்.