கடைசிக் குழாயில் அளந்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவியது என்று செய்தி வந்தால், மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டு, பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது.’ போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் போட்டது வேலை செய்ததா என்பது தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாது. ஊர்க்கோடியில், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில்தான் தெரியும். அங்கே பிடிக்கும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண் செய்தியில் வருவதே இல்லை. பல ஊர்களில் பதிவேட்டிலும் இல்லை.

பதிவேட்டில் இருப்பதெல்லாம் ‘இன்று இத்தனை கிராம் போடப்பட்டது’ என்பதுதான். அது ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மி.கி. வீதம் குளோரின் தர 60 கிராம் குளோரின் வேண்டும். நல்ல பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருக்கும். ஆகவே 200 கிராம் பவுடர். அதே மூட்டையை வாய் திறந்தபடி ஈரத்தரையில் போட்டுவைத்தால், வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து அதன் வலுவைக் குறைத்துவிடும். 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது அதே 200 கிராம் தருவது லிட்டருக்கு 1.3 மி.கி.தான். நீரிலுள்ள அழுக்கே 1.2 மி.கி. குளோரினைத் தின்றுவிடுகிறது என்றால், தொட்டியிலேயே மிஞ்சுவது 0.1. கடைசிக் குழாய்க்கு ஒன்றும் போய்ச் சேராது. பதிவேட்டில் இரண்டு நாளும் ‘200 கிராம்’ என்றே இருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊர் பாதுகாப்பாக இருந்தது முதல் நாள் மட்டும்தான்.

கரைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவது பெருந்தவறு. அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். குளோரினும் சீராகக் கலக்காது. பிளாஸ்டிக் வாளியில் (இரும்பு வாளி கூடாது, அரித்துவிடும்) பவுடரைப் போட்டு, கொஞ்சமாக நீர் விட்டுக் கட்டியில்லாமல் கூழ் போலக் குழைக்க வேண்டும். பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, தொட்டியில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். ஏறும் நீரே கலக்கிவிடும். தொட்டி நிறைந்த பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த அரை மணி நேரத்தைத்தான். கிருமி சாக அந்த அவகாசம் வேண்டும். கையுறை, மூக்கு மறைப்பு இல்லாமல் இந்த வேலையை யாரையும் செய்யவிடக் கூடாது. காற்றோட்டமான இடத்தில்தான் கரைக்க வேண்டும்.

மழை பெய்து நீர் கலங்கி வந்தால் பவுடரைக் கூட்டிப் போட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கலங்கல் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது. முதலில் தெளியவைக்க வேண்டும், அல்லது வடிகட்ட வேண்டும். குளோரின் அதற்குப் பிறகுதான்.

இனி அளவீடு. நீரில் மிஞ்சிய குளோரினை நிறம் பார்த்து அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி போதும், இரண்டு நிமிட வேலை. குழாயைத் திறந்து ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழலை அந்த நீரிலேயே மூன்று முறை அலசி, குறியிட்ட அளவுக்குப் பிடிக்க வேண்டும். ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் மஞ்சள், டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு. நிறத்தை அட்டையோடு உடனே ஒப்பிட வேண்டும். ஆர்த்தோடோலிடினில் நேரம் ஆக ஆக மஞ்சள் கூடும்; கிருமியைக் கொல்வதில் மிகவும் பலவீனமான கூட்டுக் குளோரினும் (நீரிலுள்ள அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்துவிட்ட குளோரின்) அதில் சேர்ந்துவிடும். தாமதித்துப் படித்தால் இல்லாத பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். டி.பி.டி.யில் வேறொரு சிக்கல்: குளோரின் அளவுக்கு மிஞ்சி இருந்தால் சிவப்பு சட்டென்று தோன்றி வெளுத்துவிடும். அதைப் பூஜ்யம் என்று எண்ணி இன்னும் பவுடரைக் கொட்டிவிடக் கூடாது. நீரைப் பாதிக்குப் பாதி குளோரின் இல்லாத நல்ல நீரால் கலந்து மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசிக் குழாயில் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது? அங்கிருந்து தொட்டியை நோக்கி ஒவ்வொரு குழாயாக அளந்துகொண்டே வாருங்கள். ஒரு குழாயில் 0.4, அதற்கடுத்ததில் பூஜ்யம் என்றால், கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். தோண்டிப் பார்த்தால் சாக்கடைக்குள் நீளும் உடைந்த இணைப்போ, அழுக்கு நீரில் மூழ்கிய வால்வுக் குழியோ இருக்கும். நீர் நின்ற நேரத்தில் வெறுங்குழாய் உள்ளே இழுக்கும். ஓட்டை வழியாகச் சாக்கடையைத்தான் இழுக்கும். அழுத்தம் போதாமல் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டி நீர் பிடிக்கும் குழாயடிகளும் இதே ரகம். பள்ளத்தில் தேங்கிய சகதி குழாய்வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீர் நின்றதும் அது உள்ளே போகும். மருந்தைக் கூட்டுவதால் இது தீராது. இணைப்பை மாற்ற வேண்டும், குழாயைத் தரைக்கு மேலே தூக்கிவைக்க வேண்டும்.

அளக்காமல் எழுதுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாக்கர்டன் ஊரே சாட்சி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள இந்தச் சிற்றூரில் 2000 மே மாதம் பெய்த கனமழையில், பண்ணை ஒன்றின் சாணக் கழிவு ஆழமில்லாத குடிநீர்க் கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். விசாரணையில் தெரிந்தது: மிஞ்சிய குளோரினை அன்றாடம் அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவந்திருக்கிறார்கள், அதுவும் பல ஆண்டுகளாக. பணக்கார நாட்டிலேயே இது நடந்திருக்கிறது.

எனவே கேட்பது இதுதான். பதிவேட்டில் ‘போட்ட கிராம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், ‘கடைசிக் குழாயில் மிஞ்சியது, நேரம்’ என்று ஒரு கட்டம் வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் தினமும் அதை நிரப்ப வேண்டும். சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், தாமே அளந்து சரிபார்க்க வேண்டும். அளப்பவருக்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் தீருமுன் வந்துசேர வேண்டும். காலாவதியான கரைசலைக் கையில் கொடுத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. காலரா போன்ற நோய் பரவும் நாட்களில் 0.2 போதாது, எல்லாக் குழாயிலும் 0.5 இருக்க வேண்டும். அன்றன்றைய எண்ணைச் சுண்ணக்கட்டியால் குழாயடிச் சுவரிலேயே எழுதிவைத்தால், குடத்தோடு வருகிறவர்களும் படித்துவிட்டு, இன்று காய்ச்சிக் குடிக்க வேண்டுமா என்று முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கிராமக் குடிநீர்ப் பணியில் உள்ள வாசகர்