நான்கு ஒட்டுக்கன்றும் வேர்ச்செடியாகிப் போனது பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டுத் திராட்சை செட் (4 கன்று, பந்தல், மாடிப் பசுமைக்குடில்)

ஐயா, வணக்கம்.

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ஒரு வரி பதில் இல்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2023 ஜூனில் 38,500 ரூபாய் கட்டி உங்கள் செட்டை வாங்கினேன். நான்கும் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் கீழே வைக்கிற வேறு வகைத் திராட்சை) ஒட்டுக் கட்டிய பன்னீர் திராட்சை என்று பில்லிலேயே இருக்கிறது. இரண்டை வாசல் பந்தலுக்கும் இரண்டை மாடிக் குடிலுக்கும் உங்கள் ஆளே வந்து நட்டார். கொடி ஏறியது, ஏறாமல் இல்லை. வானம் தெரியாத அளவுக்கு இலை. ஆனால் காய்ப்புக்காகக் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து 2024 டிசம்பரில் ஒன்று, 2025 ஜூனில் ஒன்று, இரண்டுக்கும் ஒரு கொத்துகூட வரவில்லை. கவாத்து முடிந்த சில வாரங்களில் துளிரோடு பூங்கொத்து வெளியே வரவேண்டும், நான்கு மாதம் போல ஆனால் பழம் பறிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா?

தொண்டாமுத்தூர் பக்கம் பன்னீர்த் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் மாமா வந்து அடித்தண்டில் மண்ணை விலக்கிப் பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, மேல கட்டுன ஒட்டு எப்பவோ காஞ்சு போச்சுங்க. கீழ இருந்து வந்த வேர்ச்செடிதான் பந்தல் பூரா ஓடியிருக்குது. இது பன்னீர் இலையே இல்லீங்க" என்றார். டேப் சுற்றிய இடத்துக்கு மேலே சுள்ளிபோல ஒரு குச்சி நிற்கிறது. நான்கிலும் அதே கதை. ஒன்று பட்டுப்போயிருந்தால் என் கைத்தவறு என்று விட்டுவிடுவேன். நாலுமா?

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு வந்த உங்கள் ஆள் அதைக் குனிந்து பார்த்தாரா? "கொடி அருமையா வருதுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். நானும் நம்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஈரோடு பயணம். கொடியில் ஒரு துண்டையும் பில்லையும் சனிக்கிழமை நேரில் கொண்டுவரச் சொன்னது உங்கள் அலுவலகம்தான். ஈரச்சாக்கில் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் கோயம்புத்தூரில் ரயிலேறினேன். போய் நின்றால் வாட்ச்மேன், "சனிக்கிழமை லீவுங்க" என்கிறார். மதியம் ஒரு மணி வரை படியில் உட்கார்ந்து உங்கள் சேவை எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்த பையன், "திராட்சைதானே சார், கடையில கிலோ நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. இதுக்குப் போய் இத்தனை போனா?" என்று கேட்டான். அறுபத்து மூன்று வயது ஆளிடம் பேசுகிற பேச்சா இது? எங்கள் அப்பா பன்னீர்ப் பந்தல் போட்டவர். நிலத்தை விற்ற பிறகு வீட்டு வாசலிலாவது ஒரு கொடி நிற்கட்டும் என்றுதான் பணம் கட்டினேன். கடையில் வாங்கத் தெரியாமல் இல்லை. அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

குடில் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், மூன்று வருடம் தாங்கும் என்றீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கிற ஊர் இது என்று தெரிந்துதானே இங்கே விற்கிறீர்கள்? இரண்டாவது ஆடியிலேயே நடுவில் கிழிந்து தொங்கியது. கிழிவதற்கு முன்னாலும் காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே புழுங்கி, இலையெல்லாம் சாம்பல் நோய். கேட்டால் தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள் என்று பழியை என் மேல் போடுகிறார்கள்.

தயவுசெய்து கவனியுங்கள். செட்டுக்குக் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். ஒட்டுப் பிடித்திருப்பதை நேரில் காட்டி, நான்கு நல்ல பன்னீர்க் கன்று தர வேண்டும். ஜூன், ஜூலை நடவுப் பருவத்தை விட்டால் இன்னொரு வருடம் போய்விடும். இரண்டு வருட விளைச்சல், உழைப்பு, அலைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத நஷ்டம் எனக்கு. நியாயமாகப் பேசினால் நானும் நியாயமாகப் பேசுவேன்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. பில், கையேடு, உங்கள் ஆள் வாங்கிய கையெழுத்தின் நகல், தண்டின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன்.

கொடிகளை இன்னும் அடியோடு வெட்டவில்லை, நீங்கள் பார்ப்பதற்காகவே விட்டு வைத்திருக்கிறேன். மறுபடி ஈரோட்டுக்கு நான் வரமாட்டேன். விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பேரூர், கோயம்புத்தூர்